சுவரில் உண்ணி ஏறுகிறது: நாயைக் குளிப்பாட்டினால் மட்டும் போதுமா?

வைகைக்கரை (மதுரை)

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் இரண்டு வயது சிப்பிப்பாறை இருக்கிறான். பெயர் வீரா, எடை 19 கிலோ. தரைத்தள வீடு. பக்கத்தில் காலி மனை, தெருநாய்கள் படுத்துக்கிடப்பது அங்கேதான். வெயில் ஏற ஆரம்பித்ததிலிருந்து உண்ணித் தொல்லை தாங்க முடியவில்லை. வாரம் தவறாமல் உண்ணி ஷாம்பூ போட்டுத்தான் குளிப்பாட்டுகிறோம். குளித்த அன்று உடம்பு சுத்தமாக இருக்கிறது. இரண்டு நாள் கழித்துக் காது மடலைப் புரட்டினால் மறுபடியும் நாலைந்து ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

இப்போது புதுக் கூத்து. சாயங்காலம் விளக்கைப் போட்டால் ஸ்விட்ச் போர்டுக்கு மேலே செம்பழுப்பு நிறத்தில் பொடிப்பொடியாகச் சுவரில் ஏறுகின்றன. நேற்று ஜன்னல் திரையை உதறினேன், ஆமணக்கு விதை அளவுக்கு ஊதிப்போன சாம்பல் நிற உண்ணி ஒன்று தரையில் விழுந்தது. அம்மா, “நாயை ஊரில் கொண்டுபோய் விட்டுவிடு” என்று ஆரம்பித்துவிட்டார். கடைக்குப் போனால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்: பவுடர், கழுத்துப்பட்டை, சொட்டு மருந்து, மாத்திரை. எதிலிருந்து தொடங்குவது?

கொங்குத்தம்பி (பொள்ளாச்சி)

அண்ணா, இதற்குப் போய் இவ்வளவு கவலைப்படாதீர்கள். எங்கள் தோட்டத்தில் மாட்டுக்கு உண்ணி வந்தால் கால்நடை மருந்துக் கடையில் விற்கிற பாட்டில் மருந்தைத் தண்ணீரில் கலந்து மேலெல்லாம் துடைத்துவிடுவோம். அப்புறம் வேப்பெண்ணெய். பத்துப் பதினைந்து நாளில் அடங்கிவிடும். நாய்க்கும் அதையே கொஞ்சம் நீர்க்கக் கலந்து அடிக்கலாம். மாத்திரை எல்லாம் காசைப் பிடுங்குகிற வேலை.

அடுக்ககவாசி (வேளச்சேரி)

தம்பி, மாட்டு மருந்தை நாய் மேல் அடிக்கச் சொல்லாதீர்கள். படிக்கிறவர் யாராவது செய்து வைத்துவிடுவார்கள்.

வைகைக்கரை, தரைத்தளம் என்பதால்தான் வருகிறது என்று நினைக்க வேண்டாம். நாங்கள் நான்காவது மாடி. எங்கள் வீட்டுக் கூரை மூலையிலேயே பார்த்திருக்கிறோம். பழைய டாக்டர் வந்து சொன்னால் நன்றாக இருக்கும்.

பழைய டாக்டர் (திருநெல்வேலி)

கூப்பிட்டதற்கு நன்றி. அரசுக் கால்நடை மருந்தகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கொங்குத்தம்பி சொன்னதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அவர் மாட்டுக்குச் சொன்னது சரி, அதை நாய்க்குக் கொண்டுவருவதுதான் சரியில்லை. காரணம் தெரிந்துவிட்டால் வைகைக்கரையின் சுவர் விவகாரமும் புரிந்துவிடும்.

மாட்டில் சாதாரணமாக நாம் பார்க்கிற உண்ணி, குஞ்சாக ஏறினால் வளர்ந்து முடிகிறவரை அதே மாட்டில்தான் இருக்கும். தோல் உரிப்பதும் அங்கேயே, ரத்தம் குடிப்பதும் அங்கேயே. ஏறக்குறைய மூன்று வாரம் கழித்து, முட்டையிடத்தான் கீழே இறங்கும். அதனால் மாட்டுக்கு மருந்து போட்டால் கூட்டத்தில் பெரும்பகுதி சிக்கிக்கொள்ளும்.

நம் வீட்டு நாயில் இருப்பது பழுப்பு நாய் உண்ணி, ரைப்பிசெபாலஸ் சாங்குனியஸ். இதன் பிழைப்பே வேறு. முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு ஆறு கால். நாய் மேல் ஏறிச் சில நாள் ரத்தம் குடித்துவிட்டுக் கீழே விழும். சுவர் இடுக்கில் தோல் உரித்து எட்டுக் காலோடு வரும். மறுபடி ஏறும், குடிக்கும், விழும். மறுபடி தோல் உரிக்கும். மூன்றாவது தடவை ஏறுவதுதான் முழு வளர்ச்சி அடைந்த உண்ணி. பெண் உண்ணி ஒரு வாரம்போல ஒட்டிக்கிடந்து ஊதிப்பெருத்து, இறங்கி, இடுக்கில் ஒளிந்து முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும். நீங்கள் திரையில் பார்த்த சாம்பல் நிற உண்ணி அப்படி இடம் தேடிப் போனதுதான். அது இடுகிற முட்டை ஆயிரக்கணக்கில், நாலாயிரம் வரைகூடப் போகும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நாய் உடம்பில் அது இருப்பது மொத்தமே இரண்டு மூன்று வாரம். மிச்ச நாளெல்லாம் உங்கள் வீட்டில்தான் குடியிருக்கிறது. பசியோடு மாதக்கணக்கில் காத்திருக்கவும் அதற்குத் தெரியும். மேலே மேலே ஏறுவது அதன் சுபாவம், அதனால்தான் ஸ்விட்ச் போர்டு, திரை, கூரை மூலை எல்லாம். ஷாம்பூ அன்றைக்கு நாய் மேல் இருந்ததைக் கொல்லும். நாளைக்குச் சுவரிலிருந்து இறங்கி வருவதை அது என்ன செய்யும்?

ஆகவே வேலை இரண்டு. நாய் மேல் ஏறுகிற உண்ணி, அடுத்த ஏற்றத்துக்குப் பிழைக்காதபடி வாரக்கணக்கில் நிற்கிற மருந்து ஒன்று. அதே நேரத்தில் வீட்டைக் கவனிப்பது. இதில் ஒன்றை விட்டாலும் இன்னொன்று வீண்.

வைகைக்கரை

டாக்டர் சார், மிக்க நன்றி. இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லவில்லை. வாரக்கணக்கில் நிற்கிற மருந்து என்றால் எது? மாத்திரையைப் பற்றி இணையத்தில் படித்தால் வலிப்பு வரும் என்று பயமுறுத்துகிறார்கள்.

பழைய டாக்டர்

பயம் முழுக்கப் பொய்யும் இல்லை, அதனால் விவரமாகவே சொல்கிறேன். இப்போது கிடைக்கும் மாத்திரைகளில் பிரவெக்டோ, நெக்ஸ்கார்ட், சிம்பாரிகா மூன்றும் ஐசாக்சசோலின் என்ற ஒரே குடும்பம். பிரவெக்டோ ஒரு தடவை கொடுத்தால் 12 வாரம், மற்ற இரண்டும் மாதம் ஒரு தடவை. உண்ணியின் நரம்பை முடக்கிக் கொல்லுகிற மருந்து இவை. நாயின் நரம்பில் அதே அளவுக்கு வேலை செய்யாது என்பதால்தான் கொடுக்கிறோம். ஆனாலும் சில நாய்களுக்கு நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு வந்திருக்கிறது. 2018-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்தக் குடும்பம் முழுவதற்கும் சேர்த்து எச்சரிக்கை விட்டது. விற்பனையைத் தடை செய்யவில்லை. பெரும்பாலான நாய்களுக்குப் பாதுகாப்பானது என்றும் அதிலேயே சொன்னது.

வீராவுக்கு இதற்கு முன் வலிப்பு வந்திருந்தால் மருத்துவரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள், வேறு வழி பார்க்கலாம். வரவில்லை என்றால், உங்கள் வீடு இருக்கிற நிலைமையில் என் ஓட்டு மாத்திரைக்குத்தான். உண்ணிக் காய்ச்சலில் நாய்கள் போவதை மேசைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவன் சொல்கிறேன்.

மூன்று விஷயம். எடை பார்த்து வாங்குங்கள். 19 கிலோ என்றால் 10 முதல் 20 கிலோவுக்கான பிரவெக்டோ. பெரிய நாய் மாத்திரையை வாங்கி உடைத்து இரண்டு நாய்க்குக் கொடுப்பது கூடாது. சாப்பாட்டோடு கொடுங்கள், வெறும் வயிற்றில் மருந்து சரியாக ஏறாது. அப்புறம், மாத்திரை கொடுத்த மறுநாளே நாய் மேல் உண்ணியைப் பார்த்துவிட்டு “போலி மருந்து” என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். இந்த மருந்து ரத்தத்தில் இருக்கிறது. உண்ணி ஏறிக் கடித்தால்தான் சாகும், அதற்கும் ஒரு நாள், இரண்டு நாள் பிடிக்கும். சுவரில் இருப்பதெல்லாம் பசித்து இறங்கி வந்து கடித்துச் சாக வேண்டும். முதல் சில வாரம் அப்படித்தான் இருக்கும்.

செங்கை சுதா

டாக்டர், கழுத்துப்பட்டை, சொட்டு மருந்து எல்லாம் வீணா? எங்கள் மருத்துவர் பிடரியில் விடுகிற சொட்டு மருந்துதான் கொடுத்தார்.

பழைய டாக்டர்

வீண் இல்லை அம்மா. ஃபிப்ரோனில் சொட்டு மருந்து நல்லதுதான். நம் ஆட்கள் போடுகிற விதத்தில்தான் கெடுகிறது. முடியின் மேல் தடவிவிடுகிறார்கள். முடியை விலக்கித் தோலில் விழ வேண்டும். விடுவதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டக் கூடாது. வாரா வாரம் ஷாம்பூ போடுகிற வீட்டில் அது எங்கே நிற்கும்? பட்டை என்றால் உள்ளே இரண்டு விரல் நுழைகிற அளவுக்குத் தோலை ஒட்டி இருக்க வேண்டும், நகை மாதிரி தொங்கினால் பயன் இல்லை. பவுடர் நாய் நக்கி நக்கி உள்ளே போகும். நான் அதை எழுதிக்கொடுத்ததே கிடையாது.

கொங்குத்தம்பி

சரிங்க டாக்டர், மூன்று தடவை ஏறி இறங்குகிற கதை எனக்குத் தெரியாது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லாவற்றுக்கும் ரசாயனம் என்றால் எப்படி? வேப்பெண்ணெய், பூண்டு, கற்பூரம், சீத்தாக் கொட்டைப் பொடி, இதெல்லாம் நம் பாட்டி காலத்து வைத்தியம். கோழி வளர்த்தாலே உண்ணியைப் பொறுக்கித் தின்றுவிடுமே.

பழைய டாக்டர்

கோழி தின்னும், வாஸ்தவம். தோட்டத்தில் விடுங்கள், மதுரை வீட்டுத் திரைக்கு அது ஏறாது.

மற்றதெல்லாம் ஒன்றுபோல இல்லை. வேப்பெண்ணெயை நீர்க்கத் தடவினால் உண்ணி ஏறுவது கொஞ்சம் குறையலாம், ஒட்டிக்கொண்டதைக் கொல்லும் என்று நம்பி இருக்காதீர்கள். பூண்டு நாய்க்கு விஷம். வெங்காயமும்தான். சிவப்பணுக்களை உடைக்கும். ஏற்கெனவே உண்ணி ரத்தம் குடித்துச் சோகை பிடித்த நாய்க்குப் பூண்டும் கொடுத்தால் என்ன ஆகும்? கற்பூரமும் பாச்சை உருண்டையும் நாய் நக்கினால் வலிப்பு வரும். சீத்தாக் கொட்டைப் பொடி கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகிவிடும், நாய் தலையை உதறாமல் இருக்குமா? மண்ணெண்ணெய் தடவித் தோல் வெந்து வந்த நாய்களையும் பார்த்திருக்கிறேன்.

மாட்டுப் பாட்டில் விஷயத்துக்கு வருகிறேன். அதில் ஒரு வகை அமிட்ராஸ். நாய்க்கும் பயன்படுத்துகிற மருந்துதான், அளவு மருத்துவர் சொல்ல வேண்டும். கை அளவில் கலந்தால் நாய் மயங்கிச் சுருண்டுவிடும், இதயத் துடிப்பு இறங்கும், சர்க்கரை ஏறும். குட்டிகளுக்கும் சர்க்கரை நோய் உள்ள நாய்க்கும் கிட்டவே கொண்டுபோகக் கூடாது. “கொஞ்சம் நீர்க்க” என்பது ஒரு அளவே இல்லை தம்பி.

அடுக்ககவாசி

வீட்டுப் பக்கத்தை நான் சொல்கிறேன், அதில்தான் எங்களுக்கு அனுபவம் அதிகம்.

முதலில் டார்ச் எடுத்துக்கொண்டு தேடுங்கள். கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள விரிசல், ஸ்கர்ட்டிங் டைல்ஸுக்குப் பின்னால், கட்டிலின் அடிச் சட்டம், திரையின் மேல் மடிப்பு, சுவரில் மாட்டிய படங்களுக்குப் பின்புறம், ஸ்விட்ச் போர்டு பெட்டி. நாய் படுக்கிற இடத்தைச் சுற்றித்தான் அதிகம் இருக்கும். விரிசலை வெள்ளை சிமெண்ட், பட்டி வைத்து அடைத்துவிடுங்கள். மருந்தடிப்பதைவிட இது பெரிய வேலை, ஆனால் ஒரு தடவை செய்தால் போதும். நாயின் விரிப்பு, மெத்தை உறை எல்லாம் வெந்நீரில். வாக்குவம் இருந்தால் இடுக்கெல்லாம் இழுத்து, அந்தப் பையை வீட்டில் வைக்காமல் கட்டி வெளியே போடுங்கள்.

மருந்தடிக்க ஆள் கூப்பிட்டால் கரப்பானுக்கு அடிப்பது மாதிரி சமையலறை மூலையில் மட்டும் அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். உண்ணி என்று சொல்லி, சுவரின் மேல்பகுதி, நிலை இடுக்கு, படுக்கைக்குப் பின்னால் என்று கூடவே நின்று காட்டி அடிக்கச் சொல்லுங்கள். எங்களிடம் வந்தவர் “ஒரு தடவை போதும், ஆறு மாதம் கேரண்டி” என்றார். முட்டைக்கு இந்த மருந்து ஏறாது என்பது அப்புறம்தான் தெரிந்தது. குஞ்சு பொரிக்க மூன்று வாரம்போல ஆகும், அதைக் கணக்கு வைத்து மறுபடி அடிக்க வேண்டும். காய்கிறவரை நாயும் குழந்தைகளும் வெளியே. மீன் தொட்டி இருந்தால் வேறு அறைக்கு மாற்றுங்கள், இந்த மருந்து மீனுக்கு எமன்.

பினாயில் ஊற்றிக் கழுவுவதால் உண்ணி ஒன்றும் ஆகாது. ஈரத்தில் நடந்து பாதத்தை நக்குகிற நாய்க்குத்தான் கேடு.

கொங்குத்தம்பி

சிமெண்ட் போட்ட நாய்க்கூண்டாக இருந்தால் கோழிப் பண்ணையில் ஷெட் சுடுகிற ஃப்ளேம் கன் இருக்கிறதே, அதை இடுக்கில் காட்டினால் முட்டையும் சேர்ந்து பொசுங்கிவிடும். எங்கள் பக்கம் செய்வார்கள். மரக்கூண்டுக்கும் வீட்டுக்குள்ளும் வேண்டாம். இதற்காவது டாக்டர் திட்ட மாட்டார் என்று நினைக்கிறேன்.

பழைய டாக்டர்

திட்டவில்லை, நல்ல யோசனை.

நீலமலை (கோத்தகிரி)

எனக்குப் பிரச்சினை உண்ணி இல்லை, தெள்ளு. நாய் இடுப்புக்கு மேல், வால் தொடங்குகிற இடத்தில் கடித்துக் கடித்து முடியெல்லாம் கொட்டிவிட்டது. ஆனால் தேடினால் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. தோல் மருத்துவம் பார்த்தாகிவிட்டது. இது தெள்ளுதானா, வேறு ஏதாவதா?

செங்கை சுதா

நீலமலை, ஒரு சின்னச் சோதனை. நாயை வெள்ளைத் துணி மேல் நிற்கவைத்து, பேன் சீப்பால் வால் பக்கம் வாருங்கள். கறுப்பு மிளகுத்தூள் மாதிரி ஏதாவது விழுந்தால் அதன் மேல் ஈரப் பஞ்சை ஒற்றி எடுங்கள். சுற்றிலும் சிவப்பாகக் கசிந்தால் அது தெள்ளின் கழிவு, செரித்த ரத்தம். மண் என்றால் கறுப்பாகவே இருக்கும்.

பழைய டாக்டர்

சுதா சொன்னதை முதலில் செய்யுங்கள். நீங்கள் சொல்கிற இடம் தெள்ளு ஒவ்வாமைக்கே உரிய இடம். தெள்ளின் எச்சிலுக்கு ஒவ்வாமை உள்ள நாய்க்கு ஒன்றிரண்டு கடித்தாலே போதும், வாரக்கணக்கில் சொறியும். சொறிகிற நாய் தெள்ளைக் கடித்து விழுங்கிவிடுவதால் தேடினால் கிடைக்காது. விழுங்கினால் இன்னொரு வம்பு: தெள்ளு வழியாக நாடாப்புழு வரும். ஆசனவாயைச் சுற்றி அரிசி மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தால் அதுதான். குடற்புழு மருந்து கொடுத்துத் தெள்ளை விட்டுவிட்டால் புழு திரும்ப வரும்.

தெள்ளிலும் வீட்டுக் கதைதான். நாய் மேல் பார்ப்பது கூட்டத்தில் நூற்றுக்கு ஐந்து என்று சொல்வார்கள். மிச்சமெல்லாம் முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவுமாக விரிப்பிலும் தரை இடுக்கிலும். கூட்டுப்புழு இருக்கிற உறையை மருந்து துளைக்காது. அதனால் எல்லாம் செய்தபின்னும் சில வாரத்துக்குப் புதிது புதிதாகக் கிளம்பும். தினம் வாக்குவம் போட்டால் அந்த அதிர்வில் சீக்கிரம் வெளியே வந்து, மருந்து கொடுத்த நாய் மேல் ஏறிச் சாகும். வீட்டில் பூனை இருந்தால் அதற்கும் சேர்த்து வைத்தியம் பார்க்க வேண்டும். பூனைத் தெள்ளு நாய் மேலும் ஏறும்.

செங்கை சுதா

இந்த இழையில் உண்ணிக் காய்ச்சலைப் பற்றி யாரும் விரிவாகப் பேசவில்லை. எங்கள் லேப்ரடாருக்கு வந்தது. இரண்டு நாள் சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனாள். வெயில் என்று விட்டிருந்தால் போயிருப்பாள். மாமியார்தான் ஈறைத் தூக்கிப் பார்த்து “காகிதம் மாதிரி வெளுத்திருக்கிறதே” என்றார். அன்றே வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வரிசையில் நிற்கும்போதே மூக்கில் ரத்தம். ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் அடிமட்டத்தில். எர்லிக்கியா என்ற உண்ணிக் காய்ச்சல் கிருமி என்றார்கள். மருந்து தொடங்கிய மூன்றாம் நாள் தயிர்சாதம் சாப்பிட்டாள். மருந்தை நிறுத்திவிடலாமா என்று வீட்டில் பட்டிமன்றமே நடந்தது. நிறுத்தவில்லை.

பழைய டாக்டர்

நிறுத்தாததுதான் அவளைக் காப்பாற்றியது. எர்லிக்கியாவுக்கு டாக்ஸிசைக்ளின் ஏறக்குறைய நான்கு வாரம் கொடுக்க வேண்டும். ஒரு வாரத்தில் வாலாட்டிச் சாப்பிடுவதைப் பார்த்து நிறுத்திவிடுகிறார்கள். கிருமி உள்ளேயே பதுங்கியிருந்து பிறகு எலும்பு மஜ்ஜையைத் தாக்கும். அந்தக் கட்டத்தில் வருகிற நாயைத் தேற்றுவது கஷ்டம். உண்ணி பரப்புகிற பேபிசியா வேறு கிருமி, வைத்தியமும் வேறு. அதில் சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு. அதனால் ரத்தம் பார்க்காமல் தாமாக மாத்திரை வாங்கிக் கொடுக்கக் கூடாது. காய்ச்சல் என்று பாராசிட்டமால், புரூஃபென் கொடுப்பது அதைவிட மோசம். இதற்குத் தடுப்பூசி நம்மிடம் இல்லை. வருடாவருடம் போடுகிற ஊசி இதற்கும் சேர்த்துத்தான் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

காய்ச்சல், பசியின்மை, வெளுத்த ஈறு, வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள், மூக்கில் ரத்தம். இதில் எது கண்டாலும் அன்றே போங்கள். “உடம்பில் உண்ணியே இல்லையே” என்பது கணக்கில்லை. கடித்தது எப்போதோ விழுந்து போயிருக்கும்.

வைகைக்கரை

ஒட்டியிருப்பதை எப்படி எடுப்பது சார்? அம்மா நகத்தால் பிடுங்கித் தரையில் நசுக்குகிறார். மனிதருக்கு ஏதாவது வருமா? அமெரிக்கக்காரர்கள் லைம் நோய் என்று எழுதுகிறார்களே.

பழைய டாக்டர்

லைம் நோயை நம் வீட்டு நாய் உண்ணி பரப்பாது, அது வேறு உண்ணியின் வேலை. ஆனால் ரிக்கெட்சியா வகை உண்ணிக் காய்ச்சல் மனிதருக்கு வரும். நசுக்கும்போது தெறிக்கிற நீர் கையில் கீறலிலோ கண்ணிலோ பட்டாலும் வரலாம். அம்மாவிடம் சொல்லுங்கள், நசுக்க வேண்டாம். நுனி கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டித் தலைப்பக்கமாகப் பிடித்து, திருகாமல் நேராக மெதுவாக இழுக்க வேண்டும். சோப்புத் தண்ணீர் அல்லது ஸ்பிரிட் உள்ள பாட்டிலில் போட்டு மூடிவிடலாம். எண்ணெய் ஊற்றுவது, ஊதுபத்தியால் சுடுவது எதுவும் வேண்டாம். பிறகு கையைக் கழுவிக்கொள்ளச் சொல்லுங்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சலும் தடிப்பும் வந்தால் “நாயில் உண்ணி இருந்தது” என்று மருத்துவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள்.

தேடுகிற இடம்: காது மடலின் உட்புறம், விரல் இடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில், அக்குள், தொடை இடுக்கு, வாலின் அடி. சிப்பிப்பாறைக்கு முடி குட்டை, தடவினாலே தட்டுப்படும். பொமரேனியன் வைத்திருப்பவர்கள் பாடுதான் திண்டாட்டம்.

வைகைக்கரை

மருத்துவரைப் பார்த்து மாத்திரை கொடுத்தாயிற்று. ரத்தமும் எடுத்தார்கள், கிருமி ஏதும் இல்லை. ஜன்னல் நிலை விரிசலைக் கொத்தனார் அடைத்துவிட்டார். உள்ளே முட்டை கடுகு கொட்டினாற்போலக் கும்பலாக இருந்ததை அம்மா பார்த்தார், அதற்கப்புறம் நாயை ஊருக்கு அனுப்புகிற பேச்சு இல்லை. முட்டையைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறார். காலி மனை நாய்களை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

அடுக்ககவாசி

அவற்றுக்குச் சோறு வைக்கிறவர்கள் யாராவது உங்கள் தெருவில் இருப்பார்கள். அவர்களோடு சேர்ந்து, சோற்றில் வைத்து மாத்திரை கொடுக்கலாம். எடையைக் கண்ணளவில் போடாமல் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் நாலு வீடு சேர்ந்து செலவைப் பங்கு போட்டுக்கொள்கிறோம்.

புதியவன் (தூத்துக்குடி)

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் நாயும் பூனையும் ஒன்றாகத்தான் படுக்கும். நாய்க்கு வாங்கிய சொட்டு மருந்தில் பாதி மிச்சம் இருக்கிறது. பூனைக்கும் இரண்டு சொட்டு விடலாமா?

பழைய டாக்டர்

விடாதீர்கள்! முதலில் அட்டையில் பெர்மெத்ரின் என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால், நாய்க்குப் போட்ட பிறகு காய்கிறவரை பூனையை அதன் பக்கத்தில் படுக்கவிடக்கூடக் கூடாது. பூனையின் கல்லீரலால் அதைச் சிதைக்க முடியாது. நடுக்கம் எடுத்து உயிரே போகும். பூனைக்கென்றே தனி மருந்து இருக்கிறது. ஏற்கெனவே விட்டிருந்தால் பாத்திரம் கழுவுகிற சோப்பு நீரால் உடனே கழுவி, அட்டையையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

புதியவன்

இன்னும் விடவில்லை டாக்டர். பெர்மெத்ரின் என்றுதான் போட்டிருக்கிறது. அட்டையோடு பரண்மேல் ஏற்றிவிட்டேன்.